‘மீள்குடியேற்றம்’: திசையும் வினைமுதலும் மறைந்த ஒரு சொல் – அகதிகள் சட்டக் கலைச்சொற்கள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அகதிகள் தொடர்பான பன்னாட்டுச் சட்டக் கருத்துகளைத் தமிழில் குறிக்க ‘மீள்குடியேற்றம்’, ‘மறுவாழ்வு’, ‘புனர்வாழ்வு’, ‘தாயகம் திரும்பியோர்’ முதலான சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பல, யார் யாரை எங்கிருந்து எங்கே கொண்டுசெல்கின்றனர் என்பதை வெளிப்படுத்துவதில்லை. சட்ட விளைவில் நேரெதிரான இரு செயல்கள் ‘மீள்குடியேற்றம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. திசை, வினைமுதல், உரிமை என்னும் மூன்று அளவைகளைக் கொண்டு இச்சொற்களை மதிப்பிட்டு, ஆய்வெழுத்தில் பின்பற்றத்தக்க சில சொல்லாட்சிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அகதி, ஏதிலி, மீள்குடியேற்றம், மறுவாழ்வு, தாயகம் திரும்பியோர், நாடற்றோர், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

‘மீள்குடியேற்றம்’ என்னும் சொல் இன்று தமிழில் நான்கு வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது. போரால் இடம்பெயர்ந்தவர் தம் சொந்த ஊருக்குத் திரும்புவதை இலங்கைத் தமிழ் வழக்கு அச்சொல்லால் சுட்டுகிறது. இடம்பெயர்ந்தவர் அதே நாட்டின் வேறொரு பகுதியில் வாழத் தொடங்குவது இரண்டாவது நிகழ்வு. ஒரு நாட்டில் தஞ்சம் புகுந்த அகதி அங்கிருந்து மற்றொரு நாட்டிற்கு அழைத்துச்செல்லப்படுவது மூன்றாவது. அணைக்கட்டு, சாலை, நகர விரிவாக்கம் ஆகியவற்றின்பொருட்டு வீடிழந்தவர்களுக்கு வேறிடம் ஒதுக்குவது நான்காவது. இறுதியில் கூறியதற்குத் தமிழ்நாட்டில் ‘மறுகுடியமர்வு’ என்னும் வடிவமும் வழங்குகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழிக்குக் குறையன்று. சூழல் பொருளை வரையறுத்துவிடும். ஆயின் சட்டச்சொல்லின் நிலை வேறு. அச்சொல்லைக் கேட்டு ஒருவர் இசைவு தெரிவிக்கிறார், விண்ணப்பத்தில் ஒப்பமிடுகிறார், பயன்பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார் அல்லது நீக்கப்படுகிறார். இந்நிலையில் சொல்லின் மயக்கம் வாழ்க்கையின் மயக்கமாகிறது. புலம்பெயர்வு குறித்த தமிழாய்வுகள் பெருகிவரும் இக்காலத்தில், அவ்வாய்வுகள் கையாளும் அடிப்படைச் சொற்களைச் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

பன்னாட்டுச் சட்டத்தின் வகைப்பாடு

அகதிகள் நிலை குறித்த 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் உறுப்பு, அகதி என்பவரை நான்கு கூறுகளால் வரையறுக்கிறது. அவர் தம் நாட்டிற்கு வெளியே இருக்கவேண்டும். துன்புறுத்தலுக்கு உள்ளாவோம் என்னும் தக்க அடிப்படையுள்ள அச்சம் உடையவராதல் வேண்டும். அவ்வச்சம் இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்பினராயிருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாக எழுந்திருக்கவேண்டும். தம் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவராகவோ, அச்சத்தால் பெற விரும்பாதவராகவோ இருத்தல் வேண்டும். உடன்படிக்கையில் இருந்த கால, நில எல்லைகளை 1967ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கியது. 33ஆம் உறுப்பு, உயிருக்கோ விடுதலைக்கோ ஊறு நேரும் இடத்திற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது. இந்தியாவும் இலங்கையும் இவ்வுடன்படிக்கையில் இணையவில்லை.

அகதிநிலை முடிவுக்கு வருவதற்கு மூன்று நிலையான தீர்வுகளை ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் குறிப்பிடுகிறது: தன்விருப்பத்துடன் தாய்நாடு திரும்புதல், புகல் தந்த நாட்டிலேயே இணைந்து வாழ்தல், மூன்றாம் நாடு ஒன்றில் குடியமர்த்தப்படுதல். மூன்றாவதன் வரையறை நுட்பமானது. பாதுகாப்புத் தேடிச்சென்ற நாட்டிலிருந்து, அகதிகளை ஏற்க ஒப்புக்கொண்ட மற்றொரு நாட்டிற்கு, நிலையான வாழ்வுரிமையுடன், தெரிவுசெய்து மாற்றுவதே அது. தெரிவு, மாற்றம், மூன்றாம் நாடு, அந்நாட்டின் ஒப்புதல், நிலையான வாழ்வுரிமை ஆகிய ஐந்தும் அதன் உயிர்க்கூறுகள். இதைக் கேட்டுப்பெறும் உரிமை எந்த அகதிக்கும் இல்லை. வழங்கவேண்டிய கடமை எந்த நாட்டிற்கும் இல்லை. சட்ட அல்லது உடற்பாதுகாப்புத் தேவை, சித்திரவதைக்கும் வன்முறைக்கும் உள்ளானமை, மருத்துவத் தேவை, இடர்ப்பாட்டிலுள்ள பெண்கள், குடும்ப இணைவு, இடர்ப்பாட்டிலுள்ள சிறார், வேறு தீர்வுக்கு வாய்ப்பின்மை என்னும் ஏழு வகைகளுள் ஒன்றில் அடங்குவோரை உயர் ஆணையர் அலுவலகம் பரிந்துரைக்கும். ஏற்பதும் மறுப்பதும் பெறும் நாட்டின் முடிவு. உலக அகதிகளுள் ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவானோர்க்கே இவ்வாய்ப்புக் கிட்டுகிறது.

திசை மறைதல்

இக்கருத்தைத் தமிழில் ‘மீள்குடியேற்றம்’ எனப் பெயர்க்கும்போது மேற்கூறிய ஐந்து கூறுகளுள் ஒன்றும் சொல்லில் தங்குவதில்லை. மாறாக, மூலக்கருத்தில் இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்கிறது. ‘மீள்’ என்னும் முன்னொட்டு ‘மீண்டும்’ எனவும் ‘திரும்பி’ எனவும் இருபொருள் தருவது. ‘மீள்பதிப்பு’ என்பதில் முதற்பொருளும், ‘ஊர் மீளுதல்’ என்பதில் இரண்டாம் பொருளும் உள்ளன. குடியிருப்போடு சேரும்போது இரண்டாம் பொருளே முந்திக்கொள்கிறது. எனவே, மீள்குடியேற்றம் என்றதும் விட்டு வந்த இடத்திற்குத் திரும்புதல் என்னும் எண்ணமே இயல்பாகத் தோன்றுகிறது. இலங்கை வழக்கில் அச்சொல் அப்பொருளில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இம்மயக்கத்தின் சட்டவிளைவு சிறிதன்று. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் உறுப்பினுடைய ‘இ’ பிரிவு, அகதிநிலை எப்போது முடிவுறும் என்பதைக் கூறுகிறது. விட்டுவந்த நாட்டில் ஒருவர் தன்விருப்பத்துடன் மறுபடியும் நிலைபெற்றுவிட்டால் அவருடைய அகதிநிலை அற்றுப்போகும் என்பது அவற்றுள் ஒன்று. மூன்றாம் நாட்டிற்குச் செல்பவரோ அகதி என்னும் தகுதியோடே ஏற்கப்படுகிறார். அவருக்குப் பாதுகாப்பு மேலும் உறுதிப்படுகிறது. அச்சத்திற்குரிய இடத்தை நோக்கிச் செல்லும் செயலும், அதனின்று மேலும் விலகிச் செல்லும் செயலும், பாதுகாப்பை முடித்துவைக்கும் செயலும், அதை நிலைப்படுத்தும் செயலும் தமிழில் ஒரே பெயர் பெறுகின்றன. ‘மீள்குடியேற்றத்திற்கு விருப்பமா?’ என்னும் வினாவிற்கு ‘ஆம்’ என ஒருவர் விடையிறுத்தால், அவர் எதற்கு இசைந்தார் என்பதை அவ்விடையிலிருந்து அறிய இயலாது.

தன்விருப்பம் என்பது ஏட்டளவிலான சிக்கலன்று. 1991 மே மாதம் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர், தமிழ்நாட்டிலிருந்த இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி 1992 சனவரியில் தொடங்கியது. அவர்கள் உண்மையில் விரும்பித்தான் செல்கின்றனரா என்னும் ஐயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டிலேயே உயர் ஆணையர் அலுவலகம் சென்னையில் இயங்கத் தொடங்கி, திரும்புவோரின் விருப்பத்தை நேரில் கேட்டறியும் பொறுப்பை ஏற்றது. விருப்பத்தைக் கேட்டறிவது என்பது, இறுதியில், ஒரு மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிக் கேட்பதேயாகும்.

உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த 1998ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டு நெறிகள் இவ்வேறுபாட்டைப் பேணியுள்ளன. அவற்றின் 28ஆம் நெறி, சொந்த வீட்டிற்குத் திரும்புதலையும் நாட்டின் வேறொரு பகுதியில் குடியமர்தலையும் இருவேறு தெரிவுகளாகப் பிரித்துக் கூறுகிறது. இப்பிரிவை இலங்கை வழக்கு கரைத்துவிட்டதன் விளைவைக் கேப்பாப்புலவில் காணலாம். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, இறுதியாக வெளியேறியவர்களுள் முல்லைத்தீவு மாவட்டக் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களின் நிலம் படையினர் வசம் இருந்தது. எனவே சீனியாமோட்டையில் அமைக்கப்பட்ட மாதிரிக் கிராமத்தில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அரசின் பார்வையில் மீள்குடியேற்றம் நிறைவுற்றது. ஆயின் 2017இலும் அம்மக்கள் தம் நிலத்தைக் கேட்டுச் சாலையோரத்தில் அமர்ந்து போராடினர். மீளாதவர்களையும் மீள்குடியேறியோர் எனக் கணக்கிட அச்சொல் இடந்தந்தது. ‘ஊர்திரும்பல்’ என்னும் சொல் வழக்கில் இருந்திருக்குமாயின், அத்தகைய கணக்கு அவ்வளவு எளிதில் எழுதப்பட்டிராது.

வினைமுதல் மறைதல்

சொல்லின் பிற்பகுதியான ‘குடியேற்றம்’ மற்றொரு மயக்கத்தை உடையது. ‘ஏறு’ என்னும் தன்வினையிலிருந்தும் ‘ஏற்று’ என்னும் பிறவினையிலிருந்தும் ‘ஏற்றம்’ என்னும் ஒரே தொழிற்பெயர் வடிவம் பிறக்கிறது. ‘விலையேற்றம்’ என்பதில் விலை தானே ஏறுகிறது. ‘கொடியேற்றம்’ என்பதில் கொடியை ஒருவர் ஏற்றுகிறார். குடியேற்றம் இவற்றுள் எவ்வகை? மக்கள் தாமே சென்று குடியேறினரா, பிறர் அவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினரா என்பதைச் சொல் உணர்த்துவதில்லை. கல்லோயாத் திட்டம் முதலாக அரசு முன்னின்று நடத்திய நிலக்குடியேற்றங்களைக் கண்ட இலங்கையில் இச்சொல்லுக்கு அரசியல் நிழலும் உண்டு.

‘அமர்’ என்னும் வினையில் இம்மயக்கம் இல்லை. குடியமர்வு தன்வினை, குடியமர்த்தல் பிறவினை. ஒருவர் தாமே தேடிச்சென்று வாழத் தொடங்குவதையும், அரசோ நிறுவனமோ அவரைத் தெரிவுசெய்து கொண்டுசெல்வதையும் ஓர் உருபின் வேறுபாட்டால் தமிழ் பிரித்துக்காட்ட வல்லது. மொழியிடம் இருக்கும் இவ்வாற்றலைக் கலைச்சொல்லாக்கம் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இவ்வேறுபாடு ஏன் வேண்டும் என்பதற்குக் கனடா ஓர் எடுத்துக்காட்டு. 2010ஆம் ஆண்டு ‘சன் சீ’ என்னும் கப்பலில் 492 இலங்கைத் தமிழர் அந்நாட்டின் மேற்குக் கரையை அடைந்தனர். அவர்கள் சட்டத்தின் பார்வையில் புகலிடம் கோருவோர். தடுத்துவைக்கப்பட்டு, தம் அச்சத்தைத் தனித்தனியே மெய்ப்பிக்கவேண்டிய நிலையில் இருந்தனர். அதே நாடு வெளிநாட்டு முகாம்களிலிருந்து தெரிவுசெய்து அழைத்துவரும் அகதியோ, நிலையான வாழ்வுரிமையோடு வந்திறங்குகிறார். இருவருடைய துயரும் ஒன்றாக இருக்கலாம், சட்டத்தகுதி ஒன்றன்று. இருவரையும் ‘கனடாவில் குடியேறிய அகதிகள்’ எனக் குறிக்கும் ஆய்வேடு, முன்னவர் கடந்த நீதிமன்றப் படிகளையும் பின்னவர் காத்திருந்த முகாம் ஆண்டுகளையும் ஒருங்கே இழந்துவிடுகிறது.

‘அகதி’யும் ‘மறுவாழ்வு’ம்

‘அகதி’ என்பதன் சொற்பொருள் கதியற்றவர் என்பது. வடமொழி வழி வந்தது. இதற்கு மாற்றாகத் தனித்தமிழ் நோக்கில் ‘ஏதிலி’ வழங்கப்படுகிறது. திருக்குறளில் ‘ஏதிலார்’ அயலாரைக் குறிக்கும். முன்னது இன்மையையும் பின்னது அயன்மையையும் அடிப்படையாகக் கொண்டவை. சட்டவரையறையின் மையமான துன்புறுத்தல் அச்சமோ, பாதுகாப்புக் கோரும் உரிமையோ இரண்டிலும் இல்லை. எனினும் ‘அகதி’ நெடுங்கால வழக்கால் சட்டப்பொருளை ஏற்றுவிட்டது. சொற்பிறப்பு ஒரு சொல்லின் இன்றைய பொருளை முற்றும் தீர்மானிப்பதில்லை என்பது மொழியியலின் பாலபாடம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், இலங்கைத் தமிழர் வாழும் அகதிகள் முகாம்கள் இனி ‘மறுவாழ்வு முகாம்கள்’ என அழைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களும் உடன் அறிவிக்கப்பட்டன. புதிய வீடுகளும் கல்வி உதவியும் மெய்யான பயன்கள். இவர்கள் ஆதரவற்றோர் அல்லர் என்னும் பரிவே பெயர்மாற்றத்திலும் வெளிப்பட்டது. ஆயின் இம்மாற்றம் ‘அகதி’ என்னும் சொல்லை அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டு, சட்டப்பொருளைக் கைவிட்டது. அகதி என்னும் பெயர் இழிவு என்பதால் நீக்கப்பட்டது. அப்பெயரோடு பன்னாட்டுச் சட்டம் இணைக்கும் பாதுகாப்புக் கோரிக்கையும் முகாமின் பெயர்ப்பலகையிலிருந்து மறைந்தது. அப்பெயருக்கு ஈடாகக் குடியுரிமையோ நிலையான வாழ்வுரிமையோ வரவில்லை. அவற்றை வழங்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை.

‘மறுவாழ்வு’ தமிழ்நாட்டில் நலத்துறைச் சொல். அதன் இணையான ‘புனர்வாழ்வு’ இலங்கையில் 2009க்குப் பின் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்து விடுவிக்கும் நடைமுறைக்கு வழங்கியது. 2015இல் அமைந்த ஓர் அமைச்சின் பெயரில் சிறைச்சாலை மறுசீரமைப்பு, புனர்வாழ்வளிப்பு, மீள்குடியேற்றம் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே பொருட்சொல், ஒருபுறம் உதவியையும் மறுபுறம் தடுப்பையும் உணர்த்துகிறது. தமிழ்நாட்டிலும் ‘சிறப்பு முகாம்’ என்பது வெளிநாட்டாரைத் தடுத்துவைக்கும் இடத்தின் பெயராகும் என்பதை இங்கு நினைவிற்கொள்ளவேண்டும். முகாம்வாசிகளுக்கு மாதந்தோறும் தரப்படும் தொகைக்குப் ‘பணக்கொடை’ என்று பெயர். கொடை என்பது கொடுப்பவரின் பண்பைக் கூறும் சொல்; பெறுபவரின் உரிமையைக் கூறுவதன்று. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா ஒரு தருமசாலை அன்று என வாய்மொழியாகக் குறிப்பிட்டது. கொடையின் சொற்களால் மட்டுமே ஒரு கோரிக்கை பேசப்பட்டுவருமாயின், அதை மறுப்பதற்கும் கொடையின் சொல்லே போதுமானதாகிவிடுகிறது.

சட்டவிரோதக் குடியேறியும் தாயகம் திரும்பியோரும்

இந்தியச் சட்டத்தில் அகதி என்னும் வகை இல்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவரையும், அனுமதிக் காலம் கடந்து தங்கியவரையும் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என வகைப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாரை அவ்வகையிலிருந்து விலக்கியது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டார் சட்டத்தை ஒட்டிய விலக்களிப்பு ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரை ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விடுவிக்கிறது. தண்டனையினின்று விலக்குப் பெறுதல் வேறு. ஓர் உரிமைத்தகுதியைப் பெறுதல் வேறு. செய்தித்தாள்களும் ஆய்வுகளும் இவ்விரண்டையும் ‘அங்கீகாரம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது மயக்கத்தை வளர்க்கும்.

முகாமில் பிறந்தவர் அனைவரும் ஒரே வகையினரும் அல்லர். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பிறப்பால் இந்தியக் குடிமகனாவார். முகாமில் பிறந்து முகாமிலேயே வளர்ந்த ஒருவரை ‘இலங்கை அகதி’ எனக் குறிக்குமுன் அவருடைய பிறந்த நாளைக் கேட்பது ஆய்வாளரின் கடமை.

மலையகத் தமிழர் வரலாற்றில் திசைமயக்கம் மேலும் கூர்மையடைகிறது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி உடன்பாடு 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா வந்தவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப்பட்டனர். இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டிராத தலைமுறையினர் எங்கிருந்து எங்கே திரும்பினர்? பாட்டனார் புறப்பட்ட திசையைக் கொண்டு பேரனின் பயணத்திற்குப் பெயரிட்ட சொல் அது. எனினும் அச்சொல் ஒரு சட்டப்பயனைத் தந்தது: அவர்கள் குடிமக்களாயினர். 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பற்போக்குவரத்து நின்றபின், அதே மலையக மரபினருள் பலர் படகேறி வந்து ‘அகதி’ எனப் பதிவுபெற்றனர். உறவினர் இருவருள் கப்பலில் வந்தவர் குடிமகன். படகில் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. மலையக மரபினர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைக் கருதிப் பார்க்குமாறு 2019 சூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தபோது எதிர்கொண்ட முரண் இதுவே.

இலக்கிய ஆய்வில் இதன் விளைவு

‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் குடைக்கீழ் இவ்வகைகள் யாவும் ஒன்றாக வைக்கப்படுகின்றன. பட்டினப்பாலை, வணிகத்தின்பொருட்டு வந்து கலந்து வாழ்ந்தோரையும் புலம்பெயர்ந்தோராகவே காண்கிறது. விருப்பப் பயணத்தையும் துரத்தப்பட்ட பயணத்தையும் உள்ளடக்கும் விரிந்த சொல் அது. விரிவு அதன் வலிமை; வேறுபாட்டை உரைக்க அது போதாது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் பிரான்சில் புகலிடம் கோரும் விண்ணப்பத்தைத் தன் வடிவத்திற்குள் கொண்டுவருகிறது. தன் வாழ்வையே சான்றாவணமாக எழுதிக் காட்டவேண்டிய புகலிடம் கோருபவரின் நிலையிலிருந்து பிறந்த வடிவம் அது. தொ. பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ தமிழ்நாட்டு முகாம் வாழ்வைப் பேசுவது. ‘ஈழ அகதியின் துயர வரலாறு’ என்பது அதன் துணைத்தலைப்பு. அங்கு மெய்ப்பிக்க விண்ணப்பமும் இல்லை, தீர்ப்புரைக்கும் மன்றமும் இல்லை; பதிவேடும் முகாமும் காத்திருப்புமே உள்ளன. முன்னதில் சட்டம் கேள்வி கேட்கிறது. பின்னதில் சட்டம் வாளாவிருக்கிறது. இரண்டையும் ‘தாயக ஏக்கம்’, ‘அடையாளச் சிக்கல்’ என்னும் பொதுத்தலைப்புகளில் அடக்கும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. அரசு நீக்கிய ‘அகதி’ என்னும் சொல்லைத் தன்வரலாற்று ஆசிரியர் தம் நூலின் முகப்பிலேயே வைத்துள்ளமையும் எண்ணத்தக்கது. அவருக்கு அது இழிபெயரன்று. தம் நிலைக்கான சாட்சியம்.

பின்பற்றத்தக்க சொல்லாட்சிகள்

கலைச்சொல் ஒன்றைத் தேரும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். பயணத்தின் திசையை அது காட்டுகிறதா? செயலைச் செய்பவர் யார் என்பதை உணர்த்துகிறதா? பெறுபவருக்கு என்ன உரிமை உண்டு என்பதை மறைக்காதிருக்கிறதா? இவ்வடிப்படையில் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

புகல்நாட்டிலிருந்து வேறொரு நாட்டிற்குத் தெரிவுசெய்து கொண்டுசெல்வதை ‘மூன்றாம்நாட்டுக் குடியமர்த்தல்’ எனலாம். தாய்நாட்டிற்குச் செல்வதைத் ‘தன்விருப்பத் தாய்நாடு திரும்பல்’ எனவும், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் சொந்த இடத்திற்குச் செல்வதை ‘ஊர்திரும்பல்’ எனவும், நாட்டின் வேறு பகுதியில் அவர் வாழத் தொடங்குவதைப் ‘பிறிதிடக் குடியமர்வு’ எனவும் குறிக்கலாம். தஞ்சம் தந்த நாட்டிலேயே உரிமையோடு வாழ்வது ‘புகல்நாட்டு இணைவு’. ‘மறு’ என்னும் முன்னொட்டு மறுகரை, மறுவீடு என்பவற்றிற்போல ‘வேறு’ என்னும் பொருளையும் தருவதால் ‘மறுகுடியமர்த்தல்’ பொருத்தமாகத் தோன்றலாம். ஆயின் அது வளர்ச்சித் திட்டங்களால் வீடிழந்தோர்க்கு உரியதாக ஏற்கெனவே நிலைபெற்றுள்ளதால், அதை அங்கேயே விட்டுவைப்பது நன்று. ‘அகதி’யைச் சட்டப்பொருளில் தொடர்ந்து ஆளலாம், கோரிக்கை முடிவுறாதவரைப் ‘புகலிடம் கோருபவர்’ எனத் தவறாது பிரிக்கவேண்டும்.

அமைச்சுகள், ஆணையரகங்கள் ஆகியவற்றின் பெயர்களை ஆய்வாளர் மாற்ற இயலாது. அவற்றை உள்ளவாறே எழுதவேண்டும். ஆயின் ஆவணத்தில் ‘மீள்குடியேற்றம்’ எனக் காணுமிடத்தில், அது நான்கனுள் எதைச் சுட்டுகிறது என்பதை முதல் ஆட்சியிலேயே விளக்கிவிடுவது இயலக்கூடியது. களப்பணியில் வினாநிரல் அமைப்போர்க்கு இஃது இன்னும் இன்றியமையாதது. முகாமில் வாழும் ஒருவரிடம் எதிர்கால விருப்பத்தைக் கேட்கும்போது, ‘இலங்கைக்குத் திரும்புதல்’, ‘இந்தியாவிலேயே குடியுரிமையுடன் வாழ்தல்’, ‘வேறொரு நாட்டிற்குச் செல்லுதல்’ என விரித்தே கேட்கவேண்டும். கலைச்சொல்லைக் கொண்டு கேட்டுப் பெற்ற விழுக்காடுகள் எதையும் மெய்ப்பிக்கமாட்டா.

முடிவுரை

சொற்களைத் திருத்துவதால் எவருக்கும் குடியுரிமை கிடைத்துவிடாது. 2021ஆம் ஆண்டுப் பெயர்மாற்றத்தின்மீது இக்கட்டுரை வைத்த திறனாய்வு இக்கட்டுரை முன்வைக்கும் சொற்களுக்கும் பொருந்தும். ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பரிவின்பொருட்டுச் சூட்டும் பெயர் இல்லாத உரிமையை இருப்பதுபோலத் தோற்றுவிக்கிறது. திசையையும் வினைமுதலையும் வெளிப்படுத்தும் சொல், அவ்வுரிமை இல்லை என்பதைப் படிப்பவர் கண்முன் நிறுத்துகிறது. தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மூன்று தீர்வுகளுள் ஒன்றும் கைகூடாமல் வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி எழுதப்படும் தமிழ், அவர்கள் எதற்கு இசைகின்றனர், எதை மறுக்கின்றனர் என்பதைப் பிறழாது பதிவுசெய்யும் தமிழாக இருத்தல் வேண்டும்.